பக்கத்துக் கட்டில் பால்

ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை எல்லோரும் குறை சொல்கிறார்கள், ஐயா. எனக்கு அது பிடித்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் ஆக்கியதைத்தான் நான் தின்றுகொண்டிருந்தேன். அதுவும் எல்லோரும் கைகழுவிப் போன பிறகு, சட்டியில் ஒட்டிக்கொண்டிருந்ததை. இன்னொருத்தர் ஆக்கிய சோறு சூடு ஆறாமல் நம்மைத் தேடிக்கொண்டு வருவது எப்படியிருக்கும் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. நோயாளிக்குத் துணையாக இருப்பவர்களுக்கும் அங்கே ஒரு கரண்டி போடுவார்கள்.

என் கொழுந்தனார் சுப்பராயலு உங்களிடம் ஒரு புகார் கொடுத்திருக்கிறார். வார்டில் சாப்பாடு கொடுக்கிற அந்தோணி மேரி காசு வாங்கிக்கொண்டு என் வீட்டுக்காரருக்கு இனிப்பு கொடுத்தாள், அதனால்தான் அவர் செத்தார் என்று அதில் இருக்கிறதாம். மேரியையும் வெளியே உட்கார வைத்திருக்கிறீர்கள். உள்ளே வரும்போது பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். அவள் எழுந்திருக்காமல் இருந்திருந்தால் நான் வேறு மாதிரிகூடப் பேசியிருப்பேன். சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

என் வீட்டுக்காரர் தெய்வநாயகம் கெட்டவர் இல்லை. வில்லியனூர் கடைத்தெருவில் தவிடு, புண்ணாக்கு மண்டி வைத்திருந்தார். அங்கே யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். குடி கிடையாது, வேறு சகவாசம் கிடையாது, என்மேல் ஒரு நாளும் கை ஓங்கியது கிடையாது. என்னிடம் பேசமாட்டார், அவ்வளவுதான். கோபமெல்லாம் இல்லை. என்னிடம் பேசுவதற்கு ஏதாவது இருக்கும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. மண்டியில் வண்டிக்காரர்களோடு அவர் பேசுவது தெருக்கோடி வரைக்கும் கேட்கும். வீட்டுப் படி ஏறினால் வாய் மூடிக்கொள்ளும். "சோறு போடு", "சாவி எங்க", "வெளக்க அணை". இதற்கு மேல் தேவைப்படாது. என் பெயர் விசாலாட்சி. அதைச் சொல்லி அவர் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பார். மகளைக் கடலூரில் கட்டிக்கொடுத்த பிறகு, என் குரலை நானே கேட்க வேண்டுமென்றால் கொல்லையில் மாட்டோடு பேசினால்தான் உண்டு.

எமர்ஜென்சி வந்த பிறகு, போன ஐப்பசி மழையில், மண்டியில் சாக்கு புரட்டும்போது அவர் காலில் ஆணி ஏறிவிட்டது. மஞ்சள் அரைத்துக் கட்டினோம். ஆறவில்லை. கால் வீங்கி வாடை அடிக்க ஆரம்பித்ததும் சுப்பராயலு வண்டி பிடித்து, கன்னியாஸ்திரீகள் நடத்தும் அந்த ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே பார்த்தபோதுதான் உடம்பில் சர்க்கரை ஏறிக் கிடப்பது தெரிந்தது.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "ஊசி பாதி, சாப்பாடு பாதிம்மா. இங்க நாங்க குடுக்கறது மட்டும்தான் உள்ள போவணும். வெளியிலேர்ந்து ஒரு வாழப்பழம்கூட வரக்கூடாது. இது ஒன் பொறுப்பு."

சரி என்றேன். ஐயா, அந்தப் பேச்சை நான் கடைசிவரை மீறவில்லை. வெளியிலிருந்து ஒரு பொருளும் அவர் வாய்க்குப் போகவில்லை.

சர்க்கரைக்காரர்களுக்கு அங்கே தனிச் சாப்பாடு. காலையில் உப்புப் போட்ட கேழ்வரகுக் கஞ்சி. மத்தியானம் ஒரு கிண்ணம் அளந்த சோறு, கீரை, மோர். பொழுது போனால் கோதுமை ரவையில் உப்புமா. சாயங்காலம் சர்க்கரை போடாத பால். மற்றவர்களுக்குப் பாலில் சர்க்கரை உண்டு, ரொட்டி உண்டு, சோறும் வயிறு நிறையப் போடுவார்கள். டம்ளர் மாறிவிடக் கூடாது என்று சர்க்கரைக்காரர்கள் டம்ளரில் நீலப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்திருப்பார்கள்.

காலையில் சிஸ்டர் எலிசா வந்து மூத்திரம் பார்ப்பார். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று போனால் சரியில்லை. செங்கல் நிறம் வந்தால் மோசம். முதல் நாள் செங்கல் நிறம்தான். அந்த நிறத்தைப் பார்த்து என் வீட்டுக்காரர் பயந்துபோனார். அப்படி அவர் பயந்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பயத்தில்தான் பேச ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன். முதலில் கஞ்சியைத் திட்டினார். "இத மாட்டுக்கு வெச்சா மாடு மொறைக்கும்" என்றார். நான் சிரித்துவிட்டேன். நான் சிரிப்பேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம், "விசாலம், இங்க வந்து சும்மா ஒக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். அன்றிலிருந்து பேச்சுத்தான். சின்ன வயசில் நெட்டப்பாக்கத்தில் அத்தை வீட்டில் வளர்ந்தாராம். பிரெஞ்சுக்காரன் காலத்தில் ஜூலை பதினாலாம் தேதிக் கொண்டாட்டம் பார்க்கப் புதுச்சேரிக்கு நடந்தே போவாராம். பேண்டு வாத்தியத்தில் சேர வேண்டும் என்று ஆசையாம். அவருடைய அப்பா, "தவிட்ட விக்கிறவனுக்குக் கொம்பு ஊதத் தெரியணுமா" என்று முதுகில் வைத்தாராம். சொல்லிவிட்டு உதட்டைக் குவித்து அந்த மெட்டைச் சீட்டியடித்துக் காட்டினார். மெதுவாக, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காமல். அவருக்குச் சீட்டியடிக்கத் தெரியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. என்னைப் பற்றியும் கேட்டார். எனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் முழித்தேன். மறுநாள் யோசித்து வைத்துச் சொன்னேன்.

உடம்பு தேறிக்கொண்டு வந்தது. ஊசியும் சாப்பாடும் வேலை செய்தன. ஒரு நாள் காலையில் குழாய் நீலமாகவே நின்றது.

"பாத்தீங்களா, நீலம். இப்படியே இருந்தா சீக்கிரம் வூட்டுக்குப் போயிடலாம்" என்றார் சிஸ்டர் எலிசா.

என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். சுப்பராயலுவுக்கு ஆள் அனுப்பினார். சுப்பராயலு வந்ததும் புண்ணாக்கு என்ன விலை, யார் பாக்கி, பாகூர் லோடு வந்ததா என்று பழைய குரலில் கேட்க ஆரம்பித்தார். தம்பி போன பிறகு என் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்லப்போகிறார் என்று கிட்டே போனேன்.

"இந்தா, பெட்டி சாவி எங்க" என்றார்.

அன்று பொழுதுக்கும் வேறு பேச்சு இல்லை.

சாயங்காலம் மேரி பால் கொண்டுவந்தாள். அவளுக்கு முட்டி வலி. கால் தாங்கித் தாங்கி நடப்பாள். எங்கள் வரிசைக்கு நானே கொடுத்துவிடுகிறேன் என்று முன்னமே அவளிடமிருந்து தட்டை வாங்கிக்கொள்வது வழக்கமாகியிருந்தது. "நல்லா இருப்பீங்க அக்கா" என்பாள். அன்றும் வாங்கினேன். பக்கத்துக் கட்டிலில் நல்லவாட்டிலிருந்து வந்த இருசப்பன் இருந்தார். படகு சாய்ந்து கால் முறிந்தவர். நீலப்பொட்டு டம்ளரில் இருந்ததைக் காலி டம்ளர் ஒன்றில் ஊற்றி வைத்துவிட்டு, இருசப்பன் பாலை அதில் ஊற்றினேன். எடுத்து வைத்ததை இருசப்பன் டம்ளரில் ஊற்றினேன். வீட்டில் பால் ஆற்றுவது போலத்தான் இருந்தது.

இருசப்பன் ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னாம்மா இது, பாத்திரம் கழுவுன தண்ணியாட்டம் சப்புனு கீது" என்றார். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் முழுவதும் குடித்தார். டம்ளரைக் கொடுக்கும்போது என்னைப் பார்த்தார். நாக்கு இருக்கிற மனிதருக்குத் தெரியாமலா இருக்கும்? அவருக்கும் இங்கேயே இருக்க ஆசை என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மூன்று நாளில் பச்சை வந்தது. சிஸ்டர் புருவத்தைச் சுருக்கினார். டாக்டர் ஊசி மருந்தைக் கூட்டினார். வீட்டுக்குப் போவது தள்ளிப்போனது. அவருக்குப் பயம் திரும்பி வந்தது. "விசாலம், ஒக்காரு" என்றார்.

ஒரு தடவைதான் என்று நினைத்துத்தான் செய்தேன். பிறகு தினமும் செய்தேன். பால் போதாதபோது ரொட்டியையும் மாற்றினேன். ஊசியைக் கூட்டினால் சோற்றையும் மாற்றினேன். பால் சப்பென்று இருப்பதாக இருசப்பன் மேரியிடம் குறைப்பட்டிருக்கிறார். பாவம், அவள் அவருக்கென்று கூட ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். அதுவும் இவருக்குத்தான் போனது. இருசப்பன் கட்டுப் பிரித்துப் போய்விட்டார். அந்தக் கட்டிலுக்கு வேறு வேறு ஆட்கள் வந்தார்கள். எல்லோருக்கும் பால் சப்பென்றுதான் இருந்தது. ஆஸ்பத்திரிப் பால் அப்படித்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். கோயிலில் மாதா திருவிழா வந்தது. வார்டில் பாயசம் கொடுத்தார்கள். அதையும் கொடுத்தேன்.

புண் கறுத்தது. சுண்டு விரலை எடுத்தார்கள். சுண்டு விரல்தானே, நடைக்கு அது ஒன்றும் தேவையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கறுப்பு அதற்கு மேலும் ஏறியது. கணுக்காலுக்கு மேலே வெட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கல்யாணத்தன்று பிடித்த பிறகு அவர் என் கையைப் பிடித்தது அன்றுதான். உங்களிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை, ஐயா. அந்த நேரத்தில் எனக்குத் துக்கம் மட்டும் இருக்கவில்லை.

வெட்டிய காலைத் துணியில் சுற்றி எங்களிடமே கொடுத்துவிட்டார்கள். புதைப்பது வீட்டார் வேலையாம். சுப்பராயலு ரிக்‌ஷா பிடித்தார். நான் மடியில் வைத்துக்கொண்டேன். பிறந்த குழந்தை கனம் இருந்தது. சங்கராபரணி ஆற்றோரம் மணலைத் தோண்டி வைத்தோம். "அண்ணி, நீங்க அழாதீங்க. அண்ணன் பொழைச்சிக்கும்" என்றார் சுப்பராயலு. நான் அழவில்லை. மடி ஈரமாகியிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் உட்கார்ந்தால் மடியில் அந்தக் கனம் இருக்கிறது. உங்கள் முன்னால் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் இருக்கிறது.

அன்றே நிறுத்தியிருக்கலாம். ஒரு கால் இல்லாதவர் இனி மண்டிக்குப் போகமாட்டார், வீட்டில்தான் இருப்பார், என்னோடுதான் பேச வேண்டும் என்று நினைத்து நிறுத்தவும் நினைத்தேன். ஆனால் அதற்குள் டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு மருந்துக்கும் சர்க்கரை இறங்கவில்லை என்றால் யாரோ தின்னக் கொடுக்கிறார்கள் என்று சத்தம் போட்டார். என் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். ஒன்றுமில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. புருஷன் காலடியில் பாய் போட்டுப் படுத்துக் கிடக்கிற பெண்ணை யார் கேட்பார்கள்? சாப்பாட்டைத் தொடுகிறவள் மேரி. இருசப்பனுக்கு அதிகமாக ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டதை அவளே ஒப்புக்கொண்டாள். ஆஸ்பத்திரியை நடத்தும் மதர் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

அவள் போன பிறகு நான் பயந்து போய், கொஞ்ச நாள் ஒன்றும் செய்யவில்லை. குழாய் பச்சையாகி, நீலமானது. அதனால் குற்றம் அவள்மேல் உறுதியாகிவிட்டது.

ஒரு நாள் பார்வையாளர் நேரத்தில் அவள் என்னைத் தேடி வந்தாள். தாழ்வாரத்தில் வைத்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க கூடவே இருந்தீங்களே. நான் அய்யாவுக்கு எதனா குடுத்தேனா? நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். மதர் ஒத்துப்பாங்க. எனக்கு வேற போக்கெடம் இல்லக்கா."

"எனக்கு எப்படித் தெரியும் மேரி. நான் கண்ணசந்த நேரத்துல நடந்திருந்தா எனக்கு எப்படித் தெரியும்" என்றேன்.

அவள் கையை எடுத்துவிட்டாள். திட்டவில்லை. "சரிக்கா, அய்யாவ நல்லாப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, காலைத் தாங்கித் தாங்கிப் போனாள். அவள் வந்துபோனதை வாட்ச்மேன் பார்த்திருக்கிறார். பிறகு மறுபடியும் சர்க்கரை ஏறியபோது, அவள்தான் திருட்டுத்தனமாக வந்து கொடுத்தாள் என்று எல்லோரும் சொன்னார்கள். கொழுந்தனார் எழுதியிருப்பது அதுதான். நான் செய்த எல்லாவற்றையும் ஏதாவது சொல்லி எனக்கு நானே சமாதானம் செய்துகொள்ள முடிகிறது. மேரியிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் எதுவும் கிடைக்கவில்லை.

மறுபடியும் ஏன் என்று கேட்கிறீர்கள்.

சுப்பராயலு ஒரு நாற்காலியின் அளவு எடுக்க வந்தார். சக்கரம் வைத்து, மண்டி வாசலில் போட்டு, அண்ணனை அதில் உட்கார வைத்துவிடுவதாகத் திட்டம். காலையில் வண்டியில் கொண்டுபோய், பொழுது சாய்ந்ததும் கொண்டுவந்து விடுவாராம். என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் வெளிச்சம். இரண்டு பேரும் கையால் அளந்து அளந்து பேசிக்கொண்டார்கள். நடுவில், "இந்தா, தண்ணி" என்றார். என் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக் குடித்தார்.

அன்று சாயங்காலம் பாலை மாற்றினேன். புதிதாக வந்த வேலைக்காரிக்கும் உதவி தேவைப்பட்டது. பழையபடி தட்டை வாங்கிக்கொண்டேன். அந்த வாரம் முழுவதும் செய்தேன்.

ஒன்றை நான் முன்னால் சரியாகச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்று சொன்னேன். முதல் நாளே அவர் கேட்டார். டம்ளரைக் கொடுக்கும்போது, "இன்னா விசாலம், இனிக்குது" என்று கேட்டார். பேர் சொல்லிக் கேட்டார். "இது மருந்துப் பால், ஒங்களுக்குன்னு டாக்டர் குடுக்கச் சொல்லிக்கீறாரு. வெளியில சொல்லாதீங்க, மத்தவங்களும் கேப்பாங்க" என்றேன். நம்பிவிட்டார். ரொட்டிக்கும் சோற்றுக்கும் அதே பதில்தான். வியாபாரத்தில் யாரையும் நம்பாத மனிதர், ஐயா.

கடைசியாகக் கொடுத்த அன்று அவர் நம்பவில்லை. காலையில் குழாயில் செங்கல் நிறம் வந்திருந்தது. டாக்டர் அவரிடமே வந்து, மறுபடியும் புண் சீழ் பிடித்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாளெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். சாயங்காலம் பாலை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளினார்.

"இது வேணாம் விசாலம். இதக் குடிச்சாத்தான் ஏறுது. எனக்கு பயமாக் கீது. நீ சிஸ்டரக் கூப்புடு, நான் கேக்கறேன்."

சிஸ்டரைக் கூப்பிட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார். எனக்கு அது தெரிந்தது. தெரிந்துதான் போகவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர் காலைப் பிடித்துக்கொண்டேன், இருந்த ஒரு காலை. "எனக்காக இன்னொரு வாய்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். மறுபடியும் கேட்டேன். அழுதேன். "இத்தன வருசத்துல ஒங்கள நான் ஒண்ணும் கேட்டதில்ல. இத ஒண்ணு கேக்கறேன்" என்றேன். ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். பிறகு டம்ளரை வாங்கி முழுவதும் குடித்தார்.

அடுத்த நாள் ஜுரம் கண்டது. வெட்டின இடம் மறுபடியும் சீழ் வைத்தது. அதற்குப் பிறகு அவருக்கு நினைவு தெளியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தேன். வெள்ளிக்கிழமை விடியலில் போய்விட்டார்.

என் புருஷனைக் கொன்றது நான். அந்தோணி மேரி ஒன்றும் செய்யவில்லை. அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவளுக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு நீங்களே எழுதுங்கள். நான் எழுதிக் கிடைக்கிற வேலையை அவள் ஏற்கமாட்டாள். எனக்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள். மகளிடம் மட்டும் நீங்கள் சொல்லாதீர்கள். அதை நானே சொல்ல வேண்டும்.

ஏட்டய்யா எழுதினதைப் படித்துக் காட்டினார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஒரு இடத்தில் மட்டும், "அவர் மறுத்தும் வற்புறுத்திக் குடிக்க வைத்தேன்" என்று இருக்கிறது. அதை அடித்துவிடச் சொல்லுங்கள், ஐயா. நான் வற்புறுத்தவில்லை. கேட்டேன், அவர் கொடுத்தார்.